பட்டறைப் பக்கம்: ஆடும் சிலிண்டர் எஞ்சின் – கேள்வியும் பதிலும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் பின்கட்டிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே எஞ்சினைப் பற்றியவை. கம்பியிலும் பட்டையிலும் கடைந்து செய்யும், காற்றழுத்தத்தில் ஓட்டக்கூடிய, ஆடும் சிலிண்டர் நீராவி எஞ்சின் அது. வால்வு தனியாகக் கிடையாது. சிலிண்டரே இடமும் வலமுமாக ஆடி, காற்று வரும் வழியையும் போகும் வழியையும் மாற்றி மாற்றித் திறக்கும். பதில்கள் அனைத்துக்கும் பொதுவான அளவுகள் இவை: சிலிண்டர் துளை 12 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 20 மி.மீ. (அதாவது பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கின் ஆரம் 10), கிராங்க் மையத்திலிருந்து சிலிண்டர் ஆடும் பிவட் வரை 50 மி.மீ., பிவட்டிலிருந்து மேலே காற்றுத் துவாரம் வரை 15 மி.மீ.

12 மி.மீ. ரீமர் போட்டுச் சிலிண்டரை முடித்தேன். கடையில் வாங்கிய 12 மி.மீ. பளபளப்பு இரும்புக் கம்பியை அப்படியே வெட்டிப் பிஸ்டன் ஆக்கினேன். கையில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் காற்றைத் திறந்தால் பிஸ்டனைச் சுற்றியே ஓடிவிடுகிறது. இரண்டும் 12தானே, ஐயா?
– செம்பனை ஆலை ஊழியர், சுங்கை சிப்புட்

இரண்டிலும் எழுதியிருப்பதுதான் 12. ரீமர் என்பது துளையைச் சரியான அளவுக்கு முடிக்கும் கருவி. H7 வகை (பிசகுக்கு விடும் எல்லையின் தரம்) ரீமர் போடும் துளை 12.000 முதல் 12.018 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கடைக் கம்பி வழக்கமாக h9 தரத்தில் இழுக்கப்பட்டது. அது 12.000க்கு மேலே போகாது, கீழே 11.957 வரை இறங்கலாம். இரண்டும் எதிரெதிர் எல்லையில் வந்துவிட்டால் இடைவெளி 0.06 மி.மீ. இந்த எஞ்சினுக்கு வேண்டிய இடைவெளி 0.015. நாலு மடங்குதானே என்று நினைக்காதீர்கள். ஒடுங்கிய இடுக்கில் காற்று கசியும் அளவு இடைவெளியின் முப்படியாகக் கூடும். நாலு மடங்கு இடைவெளி என்றால் ஏறத்தாழ 64 மடங்கு கசிவு.

வரைபடத்தில் இருக்கும் எண் ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு பட்டறைகளுக்காக எழுதப்பட்டது. நீங்கள் ஒரே மேசையில் இரண்டையும் செய்கிறீர்கள். துளையை முதலில் முடியுங்கள், அது எவ்வளவு வந்ததோ அதற்குத் தகுந்தாற்போல் பிஸ்டனைக் கடையுங்கள். துளையைப் பெரிதாக்குவது எளிது, துல்லியமாகப் பெரிதாக்குவது கடினம். தண்டைத் துளிதுளியாகக் குறைப்பது யாராலும் முடியும். அதனால்தான் இந்த வரிசை.

துளைக்கு 11.5 டிரில், பிறகு போரிங் கருவியால் 11.85, கடைசியில் ரீமர். போரிங்கை விட்டுவிட்டு டிரிலிலிருந்து நேராக ரீமருக்குத் தாவ வேண்டாம். டிரில் கோணலாகப் போயிருந்தால் ரீமரும் அதே கோணலில்தான் போகும். ரீமரை மெதுவாக, நிமிடத்துக்கு 100 சுற்று அளவில் ஓட்டுங்கள். வெளியே எடுக்கும்போதும் பின்பக்கமாகத் திருப்பக் கூடாது, வெட்டும் விளிம்பு மழுங்கிவிடும்.

பிஸ்டனுக்கு 16 மி.மீ. கம்பி எடுத்து 12.05 வரை கடைந்து நிறுத்துங்கள். அது ஆறட்டும். கடைசலில் 30 டிகிரி சூடேறிய 12 மி.மீ. இரும்பு 0.004 மி.மீ. பருத்திருக்கும். உங்களுக்கு வேண்டிய இடைவெளியில் அது கால் பங்குக்கு மேல். ஆறிய பிறகு மெல்லிய வெட்டாக எடுத்து, கடைசி 0.01 மி.மீ.யை எண்ணெய் தொட்ட 600 எமரித் தாளால் குறையுங்கள். சக்கிலிருந்து கழற்றாமலே சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டிப் பாருங்கள். பொருத்தம் வந்த பிறகு அரை மி.மீ. அகலமும் அரை மி.மீ. ஆழமுமாக மூன்று வளையக் கோடுகள் வெட்டுங்கள். அவற்றில் எண்ணெய் தங்கிக் கசிவை இன்னும் தடுக்கும். இவ்வளவு சிறிய எஞ்சினுக்குப் பிஸ்டன் ரிங் தேவையில்லை.

சோதனை: எண்ணெய் தடவிப் பிஸ்டனை உள்ளே விட்டு, காற்றுத் துவாரத்தைக் கட்டைவிரலால் அடைத்துச் சிலிண்டரை நிமிர்த்திப் பிடியுங்கள். பிஸ்டன் இறங்காமல் தயங்கி நிற்க வேண்டும், விரலை எடுத்ததும் தன் எடையில் நழுவ வேண்டும். அடைத்தபடியே வெளியே இழுத்தால் போத்தல் மூடி கழன்றதுபோல் சத்தம் கேட்க வேண்டும். இந்தச் சத்தம் வரும்வரை மற்றப் பாகங்களைத் தொடாதீர்கள்.

எஞ்சினைத் தள்ளிவிட்டால் இரண்டு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. காற்று தாராளமாக வரட்டும் என்று துவாரங்களை 4 மி.மீ. டிரிலால் போட்டேன். கம்ப்ரஸர் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்கிறது.
– சாலாக்

தாராளமாக விட்டதுதான் தவறு. கணக்கைப் பாருங்கள். கிராங்க் ஆரம் 10, பிவட் தூரம் 50. சிலிண்டர் அதிகபட்சம் சாயும் கோணம் பதினொன்றரை டிகிரி. பிவட்டுக்கு 15 மி.மீ. மேலே உள்ள துவாரம் அந்தச் சாய்வில் பக்கவாட்டில் நகரும் தூரம் 15 × 10 ÷ 50, அதாவது 3 மி.மீ. ஆகவே நிற்கும் தகட்டில் காற்று வரும் துவாரம் மையக் கோட்டுக்கு இடப்பக்கம் 3 மி.மீ., வெளியேறும் துவாரம் வலப்பக்கம் 3 மி.மீ. பிவட்டிலிருந்து உயரம் 14.7.

சிலிண்டர் நேராக நிற்கும் கணத்தில் அதன் துவாரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அப்போது இரண்டையுமே அது தொடக் கூடாது. துவாரங்களின் விட்டம் 3 மி.மீ.க்கு மேலே போனால் தொட்டுவிடும். உங்கள் 4 மி.மீ. துவாரம் இருபக்கமும் ஒரு மி.மீ. திறந்து நிற்கிறது. வந்த காற்று பிஸ்டனைப் பார்க்காமலே வெளியேறுகிறது. 2.5 மி.மீ. போட்டால் இருபக்கமும் அரை மி.மீ. மூடாப்பு கிடைக்கும். அந்த அரை மி.மீ.தான் இந்த எஞ்சினின் வால்வு.

தகட்டை வீசிவிடாதீர்கள். தகட்டிலும் சிலிண்டரிலும் உள்ள மூன்று துவாரங்களிலும் இறுக்கமான பித்தளைக் கம்பியை அடித்து, ஈயப் பற்றோ லாக்டைட்டோ கொண்டு ஒட்டி, மட்டமாகத் தேய்த்துவிட்டுப் புதிதாகத் துளையுங்கள். சிலிண்டருக்குள் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் ரீமரை மறுபடி கையால் ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

புள்ளி வைத்துத் துளைப்பதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. ஒரு பட்டைத் துண்டில் ஒரே நேர்க்கோட்டில் மூன்று துளை போடுங்கள்: நடுவில் பிவட் துளை, அதற்குக் கீழே 49 மி.மீ. தூரத்தில் கிராங்க் ஊசி நுழையும் துளை, மேலே 15 மி.மீ. தூரத்தில் 2.5 மி.மீ. துளை. பிவட்டிலிருந்து கிராங்க் ஊசி 49 மி.மீ. தொலைவில் இருப்பது, சிலிண்டர் முழுதாகச் சாயும் அந்த இரண்டு நிலைகளில் மட்டும்தான். எனவே பட்டை வேறு எங்கும் மாட்டாது. இடப்பக்கம் மாட்டி ஒரு துளை, வலப்பக்கம் மாட்டி ஒரு துளை. உங்கள் கிராங்க் ஆரம் சற்றே பிசகியிருந்தால்கூட இரண்டு துளையும் சமமாக விழும்.

இன்னொன்று: தேயும் முகங்கள். கண்ணாடித் துண்டின்மேல் 400, பிறகு 600 தண்ணீர்த் தாளை விரித்து, எட்டு வடிவில் தேயுங்கள். பிவட்டைச் சுற்றி 10 மி.மீ. வட்டத்தை 0.3 மி.மீ. தாழ்த்திவிட்டால் முகம் நடுவில் முட்டி ஆடாது, துவாரத்தைச் சுற்றி நன்றாகப் படியும். ஸ்பிரிங் கசிவைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். கசிகிறதே என்று ஸ்பிரிங்கை முறுக்குபவர்கள் அநேகர். அதனால் உராய்வுதான் கூடும். முகம் மட்டமாக இருந்தால் பேனா ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் தடித்தது போதும்.

சுற்றும் திசை பிடிக்கவில்லை என்றால் காற்றுக் குழாயை மற்றத் துவாரத்தில் மாட்டுங்கள். எதிர்ப்பக்கம் ஓடும்.

நான் படிவம் 3 மாணவன். வீட்டில் லேத் இல்லை. அப்பாவிடம் மேசை டிரில் மட்டும் இருக்கிறது. இந்த எஞ்சினைச் செய்ய முடியுமா, ஐயா?
– லிந்தாங்

முடியும், தம்பி. லேத்தில் செய்ய வேண்டிய வட்டமான பாகங்களை யாரோ ஏற்கனவே துல்லியமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தேடி எடுப்பதுதான் உன் வேலை.

பழுதான பிரிண்டரையோ போட்டோஸ்டாட் இயந்திரத்தையோ பழைய இரும்புக் கடையில் கேட்டு வாங்கு. மை வண்டி ஓடும் நீளத் தண்டு உள்ளே இருக்கும். அது அரைத்து மெருகேற்றிய தண்டு, முழு நீளத்துக்கும் ஒரே விட்டம். அரம் போட்டுப் பார். அரம் கடித்தால் நல்லது, வழுக்கினால் அது கடினப்படுத்தியது, உன் டிரிலுக்கு அடங்காது. 10 மி.மீ. தண்டு கிடைத்தால் சிலிண்டர் துளையையும் 10 ஆக்கிவிடு. மற்ற அளவு எதையும் மாற்ற வேண்டாம்.

சிலிண்டருக்கு 20 மி.மீ. சதுரப் பித்தளை. வைஸில் நிமிர்த்திப் பிடித்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, வைஸை டிரில் மேசையோடு போல்ட் போட்டு இறுக்கு. 9 டிரில், 9.7 டிரில், 10 ரீமர் என்று மூன்றையும் வைஸை அசைக்காமல் போட வேண்டும். பித்தளையில் டிரில் வெளியே வரும் நேரத்தில் கடித்து இழுக்கும். கல்லால் அதன் வெட்டும் விளிம்பை லேசாகத் தட்டையாக்கிவிட்டால் இழுக்காது. வெறும் கையால் எதையும் பிடித்துக்கொண்டு துளைக்காதே, வைஸிலேயே பிடி. கண்ணாடி போட்டுக்கொள். அப்பா பக்கத்தில் இருக்கட்டும்.

துளை முடிந்ததும் பிரிண்டர் தண்டை அதில் நுழைத்து, தேயும் முகத்தைக் கண்ணாடிமேல் வை. தண்டின் இரண்டு முனையும் கண்ணாடியிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று வெர்னியரால் அளந்து பார். இல்லையென்றால் அரத்தால் உயர்ந்த பக்கத்தைக் குறை. முகமும் துளையும் இணையாக இல்லாத சிலிண்டர் எவ்வளவு பளபளத்தாலும் ஓடாது.

பிவட் ஆணிக்கு எம்4 (4 மி.மீ. மெட்ரிக்) மரை. அதற்கு 3.3 டிரில். 20 மி.மீ. கட்டையில் 10 மி.மீ. துளை நடுவில் என்றால் சுவர் 5 மி.மீ.தான் மிஞ்சும். டிரிலில் 4 மி.மீ. உயரத்தில் ஒட்டும் டேப் சுற்றி அடையாளம் வைத்து அதற்குமேல் போகாதே. சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனால் கட்டை வீண். (லேத் உள்ளவர்கள் 12 மி.மீ. துளை போடும்போது நாலு தாடை சக்கில் 1 மி.மீ. தள்ளிப் பிடித்தால் பிவட் பக்கத்துச் சுவர் 4இலிருந்து 5 ஆகும்.)

பிளைவீலுக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் இரண்டரை அங்குல வார்ப்பிரும்புப் புல்லி. துளை பெரிதாக இருக்கும், உள்ளே பித்தளைப் புஷ் (உட்குழல்) ஒன்று போட்டு 6 மி.மீ. ஆக்கிக்கொள்.

பிளைவீல் அலுமினியத்தில் போதாதா? கடைய இலகுவாக இருக்கிறதே.
– கோலகங்சார்

போதாது. 60 மி.மீ. விட்டம், 15 மி.மீ. தடிமன் உள்ள இரும்பு வட்டு சுமார் 330 கிராம், அலுமினியத்தில் 115 கிராம். ஒரு பக்கம் மட்டும் உந்தும் எஞ்சினில் மற்ற அரைச் சுற்றைப் பிளைவீல்தான் சுமந்து கொண்டுபோக வேண்டும். இரும்பிலேயே கடையுங்கள், ஆனால் வேகத்தைக் குறையுங்கள். சாதாரண எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) கருவிக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்றால், 60 மி.மீ. விட்டத்தில் 130 சுற்று. சின்ன லேத்துகள் அந்த வேகத்தில் திணறும், அப்போது வெட்டின் ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பழைய ரப்பர் பால் ஸ்டோருக்குப் பக்கத்தில். ஸ்டோரின் ஓர் அறையைத்தான் பட்டறையாக வைத்திருக்கிறேன். பித்தளையில் செய்த சிலிண்டரில் நெடுக்காக மயிரிழை போல் வெடிப்பு. கீழே போடவும் இல்லை, அடிக்கவும் இல்லை. இரும்புப் பாகங்களோ ஒரே வாரத்தில் துருப்பிடிக்கின்றன.
– முன்னாள் தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

ஐயா, நீங்கள் இருக்கும் இடமே காரணமாக இருக்கலாம். பால் உறையாமல் இருக்க ஊற்றுவது அம்மோனியா. பால் உறைய ஊற்றுவது ஃபார்மிக் அமிலம். முன்னது பித்தளைக்கு ஆகாது, பின்னது இரும்புக்கு ஆகாது. அந்த அறையில் இன்னும் பீப்பாய்களோ பழைய கறையோ இருந்தால் காற்றில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டிருக்கும்.

பித்தளைக் கம்பியையும் குழாயையும் அச்சில் இழுத்துத் தயாரிக்கும்போது உள்ளே ஓர் இழுவிசை சிக்கிக்கொண்டிருக்கும். அதோடு ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் அடி எதுவும் படாமலே வெடிக்கும். துத்தநாகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆபத்து. பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் இப்படித்தான் வெடித்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியா காரணம். ‘பருவ வெடிப்பு’ என்று பொருள்படும் பெயர் இந்தக் கோளாறுக்கு அப்போது வந்ததுதான்.

வெடித்த சிலிண்டரை ஈயம் வைத்து ஒட்ட முயல வேண்டாம். அடுத்ததைப் பாஸ்பர் வெண்கலத்தில் செய்யுங்கள். ஆலைகளில் கழித்துப்போடும் பம்பு புஷ்கள் பல வெண்கலத்தில் ஆனவை, பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். பித்தளைதான் இருக்கிறது என்றால், முரட்டுக் கடைசல் முடிந்ததும் அடுப்பறை ஓவனில் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டு, அதன் பிறகு இறுதி அளவுக்குக் கடையுங்கள். உள்ளிருக்கும் இழுவிசை பெரும்பாலும் தளர்ந்துவிடும். பட்டறையை இடம் மாற்றுவது எல்லாவற்றிலும் நல்லது.

துருவுக்கு: நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், கைவியர்வை பட்ட இடத்தில் மறுநாளே விரல்ரேகை தெரியும். வேலை முடிந்ததும் மெல்லிய இயந்திர எண்ணெய் தடவி, மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். தேங்காய் எண்ணெயும் செம்பனை எண்ணெயும் வேண்டாம். நாளானால் காறி, அதிலிருந்து பிரியும் அமிலம் பித்தளையைப் பச்சையாக்கும்.

எல்லாம் பொருத்தியாயிற்று. கையால் சுற்றினால் ஓரிடத்தில் மட்டும் இறுகுகிறது. எங்கே தேடுவது?
– சாலாக்

இறுகும் இடத்தைப் பிளைவீலில் மார்க்கர் பேனாவால் குறியுங்கள். பத்துச் சுற்று சுற்றியும் அதே குறியில் இறுகினால், கிராங்க் ஊசி தண்டுக்கு இணையாக இல்லை அல்லது தண்டு வளைந்திருக்கிறது. சிலிண்டரைக் கழற்றிவிட்டுத் தண்டை மட்டும் சுற்றுங்கள். இன்னும் இறுகினால் தண்டு, இல்லையென்றால் ஊசி. ஊசியை அடித்து நிமிர்த்தினால் தளர்ந்துதான் போகும். ஊசி நிற்கும் கிராங்க் வட்டைப் புதிதாகச் செய்யுங்கள். தண்டுத் துளையையும் ஊசித் துளையையும் ஒரே பிடிப்பில், வட்டைத் திருப்பாமல் போட்டால் இந்த நோய் வராது.

பிஸ்டன் மேலே போய்ச் சேரும் இடத்தில் மட்டும் தட்டுகிறது என்றால் கம்பி நீளம். கிராங்க் ஊசி மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை 53.5 மி.மீ. இருக்க வேண்டும். அப்போது தலை துவாரத்தின் கீழ் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். நீளம் கூடினால் பிஸ்டன் தன் துவாரத்தைத் தானே அடைக்கும், கையால் சுற்றும்போது தெரியாது, காற்றில் ஓட்டினால் எஞ்சின் சோம்பும். சுற்று முழுவதுமே கனமாக இருந்தால் புஷ் இறுக்கம். 6 மி.மீ. தண்டுக்கு இரண்டு புஷ்களையும் தகட்டில் பொருத்திய பிறகு ஒரே ரீமரை இரண்டிலும் ஒரே மூச்சில் விடுங்கள். தனித்தனியாகப் போட்டுப் பொருத்தினால் அவை ஒரே கோட்டில் வந்து சேர்வது அரிது.

இறுக்கம் லேசாக இருந்தால் நிறைய எண்ணெய் விட்டு, மின்சார டிரிலால் தண்டைப் பிடித்து அரைமணி நேரம் மெதுவாக ஓட்டுங்கள். கருத்த எண்ணெய் வரும், துடைத்துப் புது எண்ணெய் விடுங்கள். வால்வு அரைக்கும் பேஸ்டை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதன் துகள் பித்தளையில் புதைந்துகொண்டு இரும்புத் தண்டை ஆயுள் முழுக்க அரைத்துக்கொண்டிருக்கும்.

நன்றாக அமைந்த எஞ்சின் 0.3 பார், அதாவது 4 முதல் 5 பி.எஸ்.ஐ. அளவில் தானே ஓடும். 1 பாருக்கு மேலே கேட்டால் எங்கோ உராய்வோ கசிவோ மிச்சம் இருக்கிறது.

அப்பா விட்டுப்போன பழைய ஆங்கிலேய வரைபடம் ஒன்று இருக்கிறது. எல்லாம் அங்குலக் கணக்கு, திருகுகள் பி.ஏ. (பழைய பிரிட்டிஷ் திருகு வரிசை) அளவு. மி.மீ.க்கு மாற்றினால் 19.05, 6.35 என்று வருகிறது.
– சுங்கை சிப்புட்

அந்தத் தசமங்களோடு மல்லுக்கட்டாதீர்கள். முக்கால் அங்குலத் துளையை 19.05 ஆக்குவதில் பயன் ஒன்றுமில்லை, உங்களிடம் எந்த ரீமர் இருக்கிறதோ அந்த அளவுக்குப் போங்கள், பிஸ்டனும் மூடியும் அதற்கேற்ப மாறட்டும். கால் அங்குலத் தண்டு 6 மி.மீ. ஆகலாம். நம் ஆசாரிகள் சொல்லும் ‘ஒரு நூல்’ அரைக்கால் அங்குலம், 3.175 மி.மீ. அது 3 ஆகலாம். மாற்றக் கூடாதவை காற்றுத் துவாரங்களின் இடமும் வால்வு நகரும் தூரமும். அங்கே முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

திருகுகளில் 2 பி.ஏ.க்கு எம்5, 4 பி.ஏ.க்கு எம்4, 6 பி.ஏ.க்கு எம்3, 8 பி.ஏ.க்கு எம்2 போடுங்கள். மரைக்கான டிரில்கள் முறையே 4.2, 3.3, 2.5, 1.6. எம்4 அசலைவிடச் சற்றுத் தடிமன், மூடியின் விளிம்பில் இடம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பி.ஏ. மரையின் கோணம் 47½ டிகிரி, மெட்ரிக் 60, ஒன்றின் நட்டை மற்றதில் திணிக்க வேண்டாம். பழைய மடிக்கணினிகளைப் பிரித்தால் எம்2, எம்2.5 திருகுகள் கை நிறையக் கிடைக்கும்.

காற்றில் ஓடுவதைப் பார்த்து மனம் நிறையவில்லை. உண்மையான நீராவியில் ஓட்ட வேண்டும். செம்புக் குழாயில் சின்னக் கொதிகலன் ஒன்று நானே செய்யலாமா?
– ஆலை ஊழியர், லிந்தாங்

உங்கள் ஆசை புரிகிறது, ஆனால் முதல் எஞ்சினோடு முதல் கொதிகலனையும் செய்ய வேண்டாம். எஞ்சினில் பிழை வந்தால் ஓடாது, அவ்வளவுதான். கொதிகலனில் பிழை வந்தால் அருகில் நிற்பவரைச் சுடும்.

ஆலையில் செம்பனைப் பழக்குலை வேகவைக்கும் நீராவியை நீங்கள் அன்றாடம் பார்க்கிறீர்கள்: சுமார் 3 பார், 140 டிகிரிக்குச் சற்று மேல். மூடிய பாத்திரத்தில் அந்தச் சூட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். பாத்திரம் பிளந்ததும் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் 100 டிகிரி ஆவியானால் ஏறத்தாழ 1,670 லிட்டர். இதனால்தான் பரிசோதனையைக் குளிர்ந்த நீரால் செய்கிறார்கள்: ஓட்டும் அழுத்தத்தின் இரட்டிப்புக்கு ஏற்றிப் பார்த்தாலும், பிளந்தால் நீர் சொட்டும், வெடிக்காது.

கடையில் வாங்கும் ஈயப் பற்று 183 டிகிரி அளவில் உருகத் தொடங்கும். தண்ணீர் வற்றி நெருப்பு தகட்டைத் தொட்டால் அந்தச் சூடு வர நேரமாகாது. வெள்ளிப் பற்று 600 டிகிரிக்கு மேலே உருகுவது, கொதிகலனுக்கு அதுதான். பித்தளையில் கொதிகலன் கூடவே கூடாது, சுடுநீர் துத்தநாகத்தைக் கரைத்துத் தகட்டை நுரைக் கல்லைப்போல் ஆக்கிவிடும். நீராவிக் கொதிகலன்கள் நம் நாட்டில் ஜே.கே.கே.பி. (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) கண்காணிப்பில் வருபவை. உங்கள் ஆலையின் நீராவிப் பொறியாளரிடம் முதலில் கேளுங்கள். சோதனைச் சான்றும் பாதுகாப்பு வால்வும் உள்ள சிறிய கொதிகலனை வாங்கி மாட்டுவதே நாங்கள் சொல்லக்கூடிய வழி.

காற்றில் ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பி.வி.சி. குழாயில் காற்றுத் தொட்டி செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். அது விரிசல் விடாது, சில்லுசில்லாகச் சிதறும். வேண்டாம்.

தோட்டத்து ஸ்டோரில் இருந்த பெரிய பிளைவீல் எண்ணெய் எஞ்சினை ஆறில் ஒரு பங்கு அளவில் செய்ய நினைக்கிறேன். எல்லா அளவையும் ஆறால் வகுத்தால் போதுமா?
– கோலகங்சார்

வெளித்தோற்றத்துக்குப் போதும், ஓட்டத்துக்குப் போதாது. நீளம் ஆறில் ஒன்றானால் பிஸ்டனின் பரப்பு 36இல் ஒன்று, எடை 216இல் ஒன்று, பிளைவீலின் சுழல் தேக்கம் 7,776இல் ஒன்று. பெரியது மெதுவாக மூச்சுவிட்டு ஓடிய அந்த ஓட்டம் சின்னதுக்கு வராது. அதே நிதானம் வேண்டுமென்றால் பிளைவீலின் விளிம்பை மட்டும் கண்ணுக்கு உறுத்தாத அளவு தடிப்பாக்குங்கள், நடுவட்டையும் கம்பிகளையும் மெலிதாக விடுங்கள்.

வகுக்கவே முடியாதவை சில: சிலிண்டர் சுவர் 3 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். வால்வுத் தண்டு 2 மி.மீ. என்று கணக்கு சொன்னாலும் 3 போடுங்கள், அதற்கு மெலிந்தால் கடையும்போதே வளையும். பொறி பிளக்குக்குக் கப்சாய் (சிறிய மோட்டார்) பைக்குகளில் வரும் 10 மி.மீ. மரை, ஒரு மி.மீ. புரியுள்ள வகையைப் பாருங்கள், அதற்கு 9 மி.மீ. டிரில். பிளக் பெரிதாகத் தெரியும், சிலிண்டர் தலையை அதற்கேற்ப முதலிலேயே வரைந்துகொள்ளுங்கள். சிலிண்டரும் பிஸ்டன் ரிங்கும் வார்ப்பிரும்பில். பழைய பிரேக் டிஸ்க் நல்ல சாம்பல் வார்ப்பிரும்பு, ரிங்குக்குப் போதும். சிலிண்டருக்குத் தடியாக வேண்டும், ஈப்போ பக்கத்து வார்ப்புப் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். வார்ப்பின் மேல்தோல் மிகக் கடினமாக இருக்கும். முதல் வெட்டைத் தோலுக்குக் கீழே ஆழமாக, மெதுவான வேகத்தில் எடுங்கள். மேலோட்டமாகச் சுரண்டினால் கருவிதான் தேயும்.

அதற்கு முன் அந்தப் பழைய எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நிலை இருந்தால், இந்த வாரமே போய் அளவெடுங்கள். மஞ்சள் அளவுநாடாவைப் பாகத்தோடு ஒட்டி வைத்து, நேர் எதிரே நின்று படம் பிடியுங்கள். பிளைவீல் விட்டம், விளிம்பின் அகலம், தண்டின் உயரம், சிலிண்டரின் வெளிவிட்டம் ஆகிய நான்கையும் கையால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மற்றதைப் படத்திலிருந்து எடுத்துவிடலாம்.